தனம் அக்காவின் படம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகும் ஸ்டுடியோ நடக்கிறது. ராஜகிரிக் கோட்டை வரைந்த உன் திரையைத்தான் இன்னும் தொங்கவிட்டிருக்கிறேன். நிஜக் கோட்டை ஜன்னலுக்கு வெளியே சும்மா கிடக்க, செஞ்சிக்காரர்கள் எல்லோரும் அந்தத் துணிக் கோட்டைக்கு முன்னால்தான் விறைப்பாக நிற்கிறார்கள். நீ இருந்தால் சிரிப்பாய். எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை. சந்தை நாள். அவலூர்பேட்டை பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

உன் மூத்த மகள் தனம் அக்கா அவலூர்பேட்டைப் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். நீ இல்லாத வீட்டுக்குத்தான் வந்தாள். நீ இருந்திருந்தால் வந்திருப்பாளா? இதை உன்னிடம் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன்.

வந்த புதிதில் ஒரு பாத்திரம் விழுந்தால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். இப்போது மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை புடைக்கும் வேலைக்குப் போகிறாள், நாலு பேரோடு பேசுகிறாள். போன வாரம் மண்டியிலிருந்து வந்தவள் நேராக ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள்.

"டேய், என்ன ஒரு படம் எடு."

"எதுக்குக்கா?"

"ஷோகேஸ்ல என் கல்யாணப் படம் இருக்குதே, அத எடுத்துட்டு அங்க வைக்க. போறவங்க வர்றவங்க எல்லாம் அவன் பக்கத்துல நிக்கற என்னத்தான் பாக்கறாங்க."

நீ எடுத்ததிலேயே உசத்தி என்று சொல்லிக்கொண்டிருந்த படம் அது. தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில், நடுவில், நீ வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா யாரையும் தொடவிட மாட்டாள். அக்கா அதைக் கிழிக்கவில்லை நைனா, பயப்படாதே. பின்னால் உன் கையெழுத்து இருக்கிறது என்று டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

பவுடர் வேண்டாம் என்றாள். கோட்டையும் வேண்டாம், வெறும் சுவர் போதும் என்றாள். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதே ஒரு தழும்பு, அடுப்பு ஊதும் குழலால் அவன் அடித்தது, அது தெரியாதபடி, "மூஞ்சக் கொஞ்சம் இப்படித் திருப்புக்கா" என்றேன்.

"எதுக்கு? நேரா எடு."

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன் படம் எடுக்காமலே நின்றேன். அவள் வெளியிலிருந்து கேட்டாள், "பயமா இருக்குதாடா?"

"ஆமாங்கா."

"எனக்குந்தான். எடு."

நெகட்டிவ் காய்ந்ததும் என் கை தானாக, தழும்பை மறைக்கும் டச்சிங் பென்சிலை எடுத்துவிட்டது. உன்னிடம் பழகிய கை, வேறென்ன செய்யும்? அக்கா பின்னாலேயே நின்றிருந்தாள். "நைனா பண்ண மாதிரி பண்ணாதடா" என்றாள்.

ஒரு பொங்கலுக்கு நீ பண்ணியதைத்தான் சொன்னாள்; எந்தப் பொங்கல் என்று உனக்கே தெரியும். புருவத்தில் தையலோடு வந்தாள். நீ கிணற்றடியில் போய் நின்று அழுததைப் பார்த்தேன். பிறகு அவளை உட்காரவைத்துப் படம் எடுத்தாய். மதியம் முழுக்கக் குனிந்திருந்து, பென்சிலால் அந்தக் காயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினாய். பிரிண்டில் ஒரு கீறல் இல்லை. "பாரும்மா, ஒண்ணுமே இல்ல" என்று படத்தைக் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டாய். நீ கெட்டவன் இல்லை நைனா. படக்காரன். நெகட்டிவில் மறைந்துவிட்டால் முகத்திலும் மறைந்தது என்று நம்பிவிட்டாய். அந்தப் படத்தை அவள் மாமியார் ஊரெல்லாம் காட்டி, "அடிச்ச மூஞ்சி மாதிரியா இருக்குது?" என்று கேட்டாளாம். இது தெரியாமலே நீ போய்ச் சேர்ந்தாய்.

பென்சிலை வைத்துவிட்டேன். இன்று காலையில் புதுப் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். அம்மா, "அவன் பாத்தா இன்னா பண்ணுவானோ, எடுத்துடுடா, உன் கால்ல விழறேன்" என்று அழுதாள். எனக்கும் எடுத்துவிடலாமா என்றுதான் இருந்தது.

மத்தியானம் அவள் புருஷன் வந்துவிட்டான். மாமா என்று கூப்பிட்ட வாய் இப்போது அந்தச் சொல்லுக்குத் திறக்கமாட்டேன் என்கிறது. கண்ணாடியைப் படார் படார் என்று தட்டினான். "இன்னாடா இது? எம் பொண்டாட்டி மூஞ்சிய சந்தக் கும்பல் பாக்கறதுக்கு மாட்டி வெச்சிருக்கிற?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா சோற்றுக் கையோடு வெளியே வந்தாள்.

"இங்கயே நில்லு. புருவத்துல இன்னான்னு எல்லாரும் கேக்கறாங்க. நீயே பதில் சொல்லிட்டுப் போ."

சந்தைக்கு வந்த சனம் நின்றுவிட்டது. கூடை தூக்கின ஒரு அம்மாள் படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாலு பேரோட வரேன்" என்று முனகிவிட்டு நடந்தான். அக்கா உள்ளே போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவும்போதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் ஆடியது. அம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

வருவானா? தெரியவில்லை. இதை எழுதும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன் நைனா, கேட்டுக்கொள். கண்ணாடியை உடைத்தால் புதுக் கண்ணாடி போடுவேன். படத்தைக் கிழித்தால் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. அவன் எத்தனை தடவை கிழிக்கிறானோ அத்தனை தடவை பிரிண்ட் போட்டு அதே இடத்தில் வைப்பேன். இந்தத் தடவை அவளை யாரும் பஸ் ஏற்றிவிட மாட்டோம்.

முதலில் அவளுக்குத் தம்பி,
அப்புறம்தான் உனக்கு மகன்,
மாணிக்கம்