ஜிஜாவுக்குத் தெரியாமல் அடைத்த கடன்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வண்டியை நேரே ஆரியங்கோட்டுக்கு விட்டேன். சத்தியதாஸ் அண்ணனின் ரப்பர் தோட்டத்தில் என் தேன்பெட்டிகள் நாற்பதும் நன்றாக இருக்கின்றன. ரப்பர் தளிர்விட்டாச்சு, தளிர்க்காம்பில் தேன் ஊறும். இனி ஏப்ரல் வரை ஈக்களுக்கும் எனக்கும் ஓய்வு கிடையாது. கழுத்தில் இரண்டு கொட்டு. சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள் கொஞ்சம் கோபப்படத்தான் செய்வார்கள்.

இடத்துக்கு வாடகை வேண்டாம் என்கிறார் அண்ணன். "வருசத்துக்கு நாலு குப்பி தேன் தந்தா போரும்லே." நல்ல மனிதர்.

பகலில் நெய்யாற்றின்கரை துணிக்கடையில் கணக்கு. சாயங்காலம் உதியன்குளங்கரைக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி. ஞாயிற்றுக்கிழமை தேன். ஊர் என்னைக் காசுப்பேய் என்கிறது. சொல்லட்டும். பதினைந்து வருடத்து வீட்டுக்கடனை ஏழே வருடத்தில் முடிக்கப்போகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

என் மனைவி ஜிஜாவிடம் மட்டும் சொல்லவில்லை. குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்து அவள் அனுப்புகிற பணத்தில் மாதத் தவணை போகிறது, அதுதான் அவளுக்குத் தெரியும். என் சம்பளமும் தேன்காசும் அதற்கு மேலே போய் அசலைத் தின்றுகொண்டிருப்பது தெரியாது. நம்ம ஊர் கூட்டுறவு பாங்கு, பாஸ்புக் என் கையில். கிறிஸ்மஸுக்கு முன்னால் முடித்துவிட்டு ஒருநாள் போனில் சொல்லுவேன்: "பெட்டியைக் கட்டு பிள்ளே. போதும்." அந்த முகத்தைப் பார்க்கவே இந்தப் பாடு.

ஏப்ரல் 28

கடைசித் தேன் எடுத்தாச்சு. போன வருடத்தைவிட அதிகம். எடுத்ததில் பாதி சொல்லிவைத்து வாங்கிப்போகிறார்கள். காசை அப்படியே கொண்டுபோய் பாங்கில் கட்டினேன். பெருமையாகத்தான் இருக்கிறது, யாரிடம் மறைக்க?

ஜூலை 3

நாலு நாளாக மழை. பூ இல்லை. ஈக்களுக்குச் சீனிப்பாகு காய்ச்சி வைக்கிறேன். ஜெஸ்னா கேலி செய்கிறாள், "அப்பா, எனக்கு ஒரு ஐஸ்கிரீம் கேட்டா கணக்கு பாக்குதீங்க. ஈச்சைக்கு மட்டும் கிலோக்கணக்குல சீனி!"

ஏழு வயதில் அம்மாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அழுத பிள்ளை. இப்போது பதினாலு. அம்மாவோடு பேசுவதென்றால் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு ஹோம்வொர்க் செய்கிறாள். ஜிஜா அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று வேலை முடிந்து வந்தவள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தாள். வீக்கம். "நின்னு நின்னு வாறதாக்கும், சாரமில்லை, தன்னால போவும்" என்றாள்.

கொஞ்சம் பொறு ஜிஜா. நான் இருக்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

சர்ச்சில் ஆத்யபலப் பெருநாள், முதல் விளைச்சலைக் காணிக்கை வைக்கிற நாள். கொண்டுவந்த காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். ஒரு கோழிமுட்டை அறுநூறு ரூபாய்க்குப் போனது. அதே முட்டையை வாங்கியவரே திரும்பக் கொடுத்து, இன்னொருவர் நானூறுக்கு எடுத்தார். கர்த்தருக்குப் போகிற காசு, குறை சொல்லக்கூடாது. ஆனால் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"எலே ஜெனிலு, ஒரு நார்த்தங்காயாவது எடு மக்கா" என்று பின்னாலிருந்து சத்தியதாஸ் அண்ணன். எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். நான் தேன் இரண்டு குப்பி காணிக்கை வைத்தவன். வைப்பது என் வேலை, எடுப்பது உங்கள் வேலை.

நவம்பர் 9

ஜிஜா வழக்கத்துக்கு மேல் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அனுப்பியிருக்கிறாள். "ஆஸ்பத்திரியில தந்ததாக்கும். வச்சுக்கிடுங்க. காரியம் பிறகு செல்லுதேன்." குரல் என்னவோ போல. என்ன காரியம் என்று நான் கிளறவில்லை. கிளறினால் பேச்சு கடனில் வந்து நிற்கும், என் குட்டு உடைந்துவிடும்.

சரியாக மீதிக் கடனுக்குப் பக்கத்தில் வருகிறது இந்தத் தொகை. தேவன் கணக்குப் படித்தவர்தான்.

டிசம்பர் 4, புதன்

முடிந்தது! முடிந்தது!

பாங்கில் பிந்து மேடம் எழுந்து நின்று கை குலுக்கினார். "எட்டு வருசம் பாக்கி கெடக்கும்போ ஆரும் இங்க லோனை குளோஸ் செய்ததில்லை சாரே." அடமானம் வைத்த ஆதாரத்தை, வீட்டுப் பத்திரத்தை, கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நிலம் ஜிஜாவின் அப்பா கொடுத்தது, ஆதாரம் அவள் பேரில். ஜிஜா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களாம். இவ்வளவு கணக்குப் பார்த்தவனுக்கு யார் பேரில் வீடு என்பது மறந்துபோனது! பரவாயில்லை, அதுதான் வரப்போகிறாளே.

வெளியே வந்து ஒரு கிலோ அல்வா வாங்கினேன். வாழ்க்கையில் முதல்தடவை விலை கேட்காமல்.

சாயங்காலம் போன் செய்தேன். ஜெஸ்னாவும் பக்கத்தில். ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்: பெட்டியைக் கட்டு பிள்ளே —

அவள் சிரிக்கவில்லை. "இன்னும் எட்டு வருசம் கெடக்குல்லா?" என்றாள். இல்லை, நான் கூடக்கூடக் கட்டி முடித்துவிட்டேன் என்றேன். அதற்கு அவள்:

"அந்த ரெண்டு எம்பது எதுக்கு தந்தாவன்னு நீங்க கேக்கவே இல்லியே. இன்னும் ரெண்டு வருசம் இஞ்சதான் வேலை பாப்பேன்னு கையெழுத்து போட்டாச்சு நான். அதுக்க பைசாவாக்கும் அது."

வைத்துவிட்டாள்.

டிசம்பர் 5

அல்வா அப்படியே இருக்கிறது.

அவளைக் கட்டிப்போட்ட பணத்தை வைத்துத்தான் நான் அவளை விடுதலை செய்தேனா? என்ன கணக்குடா இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... ஒரே ஒரு வார்த்தை.

ஜெஸ்னா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, சர்ப்ரைஸ் எல்லாம் பர்த்டேக்கு உள்ளதாக்கும். லோனுக்கு ஆராவது குடுப்பாவளா?"

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று ஜிஜாவே கூப்பிட்டாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை, மெதுவாகப் பேசினாள். திட்டியிருக்கலாம்.

"ஏழு வருசமா காண்டீன்ல ஒரு சாயா வாங்கிக் குடிக்கல்லை நான். கூடெ உள்ளதுவ கூப்பிடும்போ வயிறு சரியில்லன்னு செல்லுவேன். கடன் உண்டேன்னு. இஞ்ச கெடந்து அந்த எட்டு வருசத்தை எண்ணி எண்ணி எனக்கு உறக்கம் போச்சு. பாதி தீர்ந்துதுன்னு நீங்க செல்லியிருந்தா நான் உறங்கியிருப்பேன்லா?"

தப்பு என்னுது என்றேன். சுற்றிவளைக்கவில்லை. இத்தனை வருடமும் நான் தனியாகச் சுமந்ததாக நினைத்துப் பெருமைப்பட்டேனே, அவளும் அங்கே தனியாகத்தான் சுமந்திருக்கிறாள். நான் அவளிடமிருந்து மறைத்தது கடன் அல்ல, நிம்மதி.

டிசம்பர் 25

கிறிஸ்மஸ். ஆராதனைக்குப் போய் வந்தோம். மத்தியானம் ஜிஜா.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டி மூன்று மாதம் நோட்டீஸ் கொடுத்தால் விடுவார்களாம். அவளே ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள்! எனக்கு உயிர் வந்தது. உடனே மனம் ஓடத் தொடங்கிவிட்டது. தவணை இனி கிடையாது, அது மிச்சம். பிப்ரவரியில் தேன் வரும். முடியும். என்னால் முடியும்.

"நம்மளால முடியும்னு செல்லுங்க" என்றாள். "இனி மாசாமாசம் கணக்கு எனக்கு வரணும். அஞ்சு பைசா ஆனாலும்."

2025 பிப்ரவரி 16

பெட்டிகள் இப்போது ஐம்பத்தெட்டு. கணக்குப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஜிஜாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: சீனி விலையை இரண்டு தடவை எழுதியிருக்கிறேனாம். பார்த்தேன். உண்மை. இருபது வருடம் கணக்கு எழுதுகிறவன் நான்!

சத்தியதாஸ் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒனக்க பெஞ்சாதியிட்டயா மறைச்சே? வெவரம் கெட்டவனே" என்றார். பிறகு அவரே நாலு வீட்டில் சொல்லி முப்பது குப்பி விற்றுக்கொடுத்தார்.

மார்ச் 1

ஜிஜா நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். பணம் முழுசும் சேரும் முன்னாலேயே. எனக்குப் பயமாகிவிட்டது. "உங்க ஈச்சை மேல எனக்கு நம்பிக்கை உண்டு" என்று எழுதியிருந்தாள். ஈக்கள் மேலாம். என்மேல் இல்லை. சரி, அதையும் சம்பாதிக்கலாம்.

ஏப்ரல் 27

தொகை முழுசும் அனுப்பியாச்சு. எந்த சர்ப்ரைஸும் இல்லை. ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

பாங்கு. நேற்று குவைத்திலிருந்து வந்திறங்கிய ஜிஜா காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பிந்து மேடம் கையெழுத்து போடவேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். "நில்லுங்க மேடம், வாசிச்சிட்டு போடுதேன்" என்றாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வெளியே வந்ததும் பாறசாலை ஜங்ஷனில் ஓட்டலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். சாயா குடித்தாள். இன்னொரு சாயாவும் கொண்டுவரச் சொன்னாள். காசை அவள்தான் கொடுத்தாள்.

ஆகஸ்டில் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேரப்போகிறாள். சம்பளம் குவைத்தில் வாங்கியதில் கால்வாசி. நான் ஏதோ சொல்ல வந்தேன். "அதுவரைக்கும் நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றாள்.

ஜூன் 11

வெயில் ஜன்னலைத் தாண்டி கட்டில் வரை வந்தாச்சு. ஜிஜா உறங்குகிறாள். ஜெஸ்னா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். மிக்சி போடவேண்டாம் என்று சட்னி அரைக்கவில்லை. கடைக்கு இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.