வதனி கலக்கும் மார்கரீட்டா

பெப்ரவரி 8, 2025, சனி

வேலை முடிந்து வரும் வழியில், மெல்பேணில் டண்டினொங் ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கடையில், மார்கரீட்டா என்று எழுதிய சாராயப் பேணி ஒன்று வாங்கினேன். நாற்பத்தாறு வயதில் குடிக்கப் பழகுகிறேன். குசினியில் நின்று ஒரு வாய் குடித்தேன். இருமல் மருந்துக்குள் தேசிக்காய் பிழிந்த மாதிரி இருந்தது. மிச்சத்தைச் சிங்குக்குள் ஊற்றும்போது சிறி வந்துவிட்டான்.

"என்ன மச்சான், மனுசியைப் பாக்கப் போறியோ, சோதினைக்குப் போறியோ?"

சிறியும் நானும் ஒரே படகில் வந்தவர்கள், இப்போது ஒரே வீடு. அவனுக்கு எல்லாம் தெரியும். நானும் என் மனைவி வதனியும் சேர்ந்து ஏற இருந்த படகில் ஓர் இடம்தான் இருந்தது. "நீங்கள் முதல் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றாள். அவளுடைய படகு வருவதற்குள், படகில் வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்று இங்கே சட்டம் மாறிவிட்டது. அவளை நவுறுத் தீவு முகாமில் வைத்திருந்து, பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அரிசோனாப் பாலைவனத்தில் டூசான் என்று ஒரு ஊர். அங்கே ஒரு பாரில் மார்கரீட்டா கலக்கிறாள். சுன்னாகத்தில் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடுகிறாள் என்று அம்மாவிடம் பேச்சு வாங்கியவள்!

பன்னிரண்டு வருசமாகப் போனில்தான் குடும்பம். நிரந்தர விசா வந்தபிறகுதான் எனக்கு நாட்டைவிட்டு வெளியே போக முடிகிறது. லீவு எடுத்துக்கொண்டு பாலைவனம் முழுக்கக் காட்டுகிறாளாம், நல்ல மார்கரீட்டா எங்கே கிடைக்கும் என்று தனக்குத் தெரியும் என்கிறாள். போனில் அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவள் குரலில் சந்தோசம் கேட்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

கேரம் டவுன்ஸ் கோயில். அங்கே வரும் இரஞ்சிதம் அன்ரி கேட்டார், "தம்பி, மனுசி அங்க என்ன வேலை?" ரெஸ்ரோரன்ற் என்றேன். "சமையலோ?" ஓம் என்றேன். சாமி கும்பிட மனம் வரவில்லை.

மார்ச் 2

டிக்கெட் எடுத்தாச்சு. பயமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி, டூசான்

விமான நிலையத்தில் அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். கட்டிப்பிடிப்பதா, கை கொடுப்பதா? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் பையை வாங்கிக்கொண்டாள். "மெலிஞ்சு போனீங்கள்" என்றாள். நீயும்தான் என்று சொல்லியிருக்கலாம்.

தன்னுடைய அறையை எனக்குத் தந்துவிட்டுச் சோபாவில் படுக்கிறாளாம். விருந்தாளிக்குத் தருவது போலத் துவாயை மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறாள். டண்டினொங்கில் இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை. அங்கே சிறி குறட்டை விடுவது சுவரைத் தாண்டியாவது கேட்கும்.

மார்ச் 23, ஞாயிறு

அவள் வேலை செய்யும் பாருக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் அவளைக் கட்டிப்பிடிக்கிறார்கள். அவள் ஸ்பானிஷில் பகிடி விடுகிறாள், அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்னைக் காட்டி, "கேதீஸ், ஃப்ரொம் மெல்பேண்" என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சேருங்கோ" தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள். அவள் வாயில் என் பெயரை இன்றுதான் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹஸ்பண்ட் என்று ஏன் சொல்லவில்லை? கேட்கப் பயம்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கென்று ஒன்று கலந்து தந்தாள். தேசிக்காயை அப்போதுதான் பிழிந்தாள், கிளாஸின் பாதி விளிம்புக்கு மட்டும் உப்புப் பூசினாள். பேணியில் குடித்தது இதற்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

மார்ச் 25, செவ்வாய், பிஸ்பி

மலைக்குள் ஒரு பழைய செப்புச் சுரங்க ஊர். வழியெல்லாம் கள்ளி, ஆள் உயரத்துக்கு மேல். அவள்தான் கார் ஓட்டுகிறாள். முந்தியே கலந்தது மெசினுக்குள் ஐஸோடு சுற்றிக்கொண்டு நின்றால் அந்தக் கடைக்குள் போகக்கூடாதாம். "உள்ள எட்டிப் பாருங்கோ, பிழிஞ்ச தேசிக்காய்க் கோது கிடந்தா நம்பி இருக்கலாம்" என்றாள். எட்டிப் பார்த்தேன். கோது கிடந்தது. இருந்தோம்.

ஊதா நிறத்தில் ஒன்று வந்தது. கள்ளிப்பழச் சாறு. எங்களூர் நாகதாளிப் பழம்தான்! முள்ளு நாக்கில் குத்தி அவள் ஒருக்கா அழுத கதையைச் சொன்னேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேருமாகச் சிரித்து எவ்வளவு காலம்.

மார்ச் 28, வெள்ளி, லாஸ் குரூசஸ்

எல்லாம் பாழாய்ப் போச்சு.

மத்தியானம் ஒரு கடை. அங்கே உப்போடு மிளகாய்த்தூளும் கலப்பார்களாம், இந்தப் பக்கத்தில் இதை அடிக்க ஆளில்லை என்று வழி முழுக்கப் புளுகிக்கொண்டு வந்தாள். அந்த உப்பில் கொஞ்சத்தைத் தன் உள்ளங்கையில் எடுத்து, "கையை நீட்டுங்கோ, ருசி பாருங்கோ" என்றாள். என் கை வெடுக்கென்று பின்னால் போய்விட்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

அவள் என்னைப் பார்த்தாள். உப்பை ஜீன்சில் துடைத்தாள். நூறு மைல் கார் ஓடியது. ஏன் நான் வாயைத் திறக்கவில்லை? மடையன். மடையன்.

மார்ச் 29, சனி

மோட்டல் வாசலில் கதிரை போட்டு இருந்தாள். தானே தொடங்கினாள்.

"பார்ல வேலை செய்யிற கை எண்டுதானே?"

"ஐயோ, இல்லை வதனி! உப்பு... உப்பைக் கையில குடுத்து வாங்கக்கூடாதெல்லே. சண்டை வரும் எண்டு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள்.

"நான் அதை மறந்தே போனன். பாருங்கோ, மறந்தே போனன்."

உள்ளே போய் ஒரு சின்ன உப்புப் பக்கற் கொண்டுவந்தாள். பிய்த்துத் தன் கையில் கொட்டினாள். "பிடியுங்கோ. சண்டை வந்தா வரட்டும். சண்டை பிடிக்கவும் ஒரு ஆள் இல்லாமத்தானே இவ்வளவு காலம் இருந்தனான்."

கையை நீட்டி வாங்கினேன்.

சண்டை வந்தது. அசல் சண்டை. "போங்கோ எண்டு சொன்னா போறதே? நான் சொன்னா நீங்கள் ஏறிறதே?" என்று கத்தினாள். பக்கத்து அறைக்காரன் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தான். நீதானே சொன்னாய் என்று நானும் கத்தினேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகில் ஏறியது நான்தான். அதையும் சொன்னேன்.

பிறகு, மெல்பேணுக்கு வா என்று கேட்டேன். "அந்த நாட்டு வாசல்ல ஒருக்கா நிண்டு கேட்டனான். வேண்டாம் எண்டவை. இன்னொருக்காப் போய்க் கேக்க மாட்டன்."

பின்னேரம் தேசிக்காய் வாங்கிவந்து மோட்டல் பிளாஸ்டிக் கப்பில் கலந்தாள். இந்தப் பயணத்தில் குடித்ததிலேயே நல்லது அதுதான்.

ஏப்ரல் 12, சனி, டண்டினொங்

திரும்பி வந்து வேலையும் தொடங்கியாச்சு. பண்டசாலையில் நான் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ற் அதே இடத்தில்தான் நிற்கிறது. போவதற்கு முந்தி இருந்தது பழக்கமான தனிமை. இது வேறு. அரிசி ஒரு சுண்டு அளந்து போட்டால் சோறு மிஞ்சுகிறது, அரைச் சுண்டு போட்டால் காணாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோயிலில் இரஞ்சிதம் அன்ரி. "மனுசி சுகமோ?" சுகம், பாரில் மார்கரீட்டா செய்கிறா என்றேன். அன்ரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதென்ன தம்பி, இனிப்போ?" புளிப்பு என்றேன்.

மே 18

போனில் கேட்டுவிட்டாள். "இஞ்ச வந்து இருப்பீங்களோ?"

யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். எதை யோசிக்கிறது? இந்த நிரந்தர விசாவுக்காகக் காத்திருந்தே மயிர் நரைத்தது. ஒவ்வொரு முறை கடிதப்பெட்டி திறக்கும்போதும் நெஞ்சு அடித்தது. கிடைத்ததை அப்படியே வைத்துவிட்டு, அங்கே போய் முதலிலிருந்து வரிசையில் நிற்பதா? பாசை தெரியாது, அவளுடைய ஆட்களுக்கு நடுவில் நான் யார்? கோபமாக இருக்கிறது. யாரில் என்று தெரியவில்லை.

ஜூன் 1

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

செப்ரெம்பர் 17, புதன்

குடியுரிமை விழா. போன வருசம் விண்ணப்பித்தது, இப்போதுதான் வந்தது. பாட்டுப் பாடினோம், உறுதிமொழி சொன்னோம், மேயர் கை கொடுத்தார். பத்திரத்தோடு ஒரு சின்னச் சாடியில் இந்த நாட்டுச் செடியும் தந்தார்கள். சிறி லீவு போட்டு, அயர்ன் பண்ணிய சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். என்னைவிட அவன்தான் அதிகம் கை தட்டினான்.

அவள் எனக்காக முன்பே போட்டுவைத்திருந்த அமெரிக்க விண்ணப்பம் சரிவந்துவிட்டது என்று போன கிழமைதான் தகவல். வீட்டுக்கு வரும் வழியில், காரில் வைத்துச் சிறியிடம் சொன்னேன்.

"உன்ர அறைக்கு ஆள் பாக்கட்டோ?"

"பாரடா."

"இந்தச் செடியைக் கொண்டுபோக விடுவாங்களோ?"

"விடமாட்டாங்கள். நீ வை."

வீட்டுக்கு வந்ததும் சேட்டைக்கூட மாற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். வேலியோரம் குழி தோண்டி நட்டான். தண்ணி ஊற்றினான். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணி நிரம்பி வழிந்து அவன் சப்பாத்து நனைந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றான். தேத்தண்ணி ஆறப்போகிறது என்று கூப்பிட்டேன். வாறன் என்றான், திரும்பிப் பார்க்கவில்லை.