நீலப் பொடி எவ்வளவு தூரம் போகும்

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் உன் வாண்டும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், இந்த வருஷத்துக்கு அதுவே பெரிய பாக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நின்ற காலைக் கொஞ்சம் நீட்டிப் படுக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கும் தூக்கம் வரும். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேச முடியாத விஷயம், அதனால்தான். உன் மகன் போனை விட்டு நகர்கிறானா? நான் ஒரு வார்த்தை எடுத்தாலே அவனுக்குக் காது இரண்டும் முயல் காது மாதிரி நிமிர்ந்துவிடுகிறது. அக்கா போனில் சொல்லலாமே என்றால், நீங்கள் இரண்டு பேரும் போன வாரம் பேசிய லட்சணத்தைத்தான் பார்த்தேனே, நீ அந்தப் பக்கம் அழ, இவள் இந்தப் பக்கம் அழ, எதற்காகப் பேச ஆரம்பித்தீர்கள் என்பதே எனக்கு மறந்துபோனது. இதை எழுத மாட்டேன் என்று அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன்தான், ஆனால் எத்தனை வரி எழுதினாய் என்று பார்க்கத் தெரியும், ஒழுங்காக எழுது என்று சொல்லித் திரும்ப எடுக்க வைத்திருக்கிறேன்.

போனில் வாண்டுவின் கையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, வெந்து போன மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். நான் பனிக்கு வெடித்திருக்கிறது என்றேன். நர்ஸான உன்னிடமே போய் அந்தக் கதையைச் சொன்னேன் பார், என் புத்தியை என்ன சொல்ல. அன்றைக்கே அக்காவிடம், வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயாம். கப்பல் வேலைக்குப் போன மாப்பிள்ளை கரை தொட இன்னும் மாசக்கணக்கு ஆகும். நீ ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் திரும்ப அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க விடமாட்டார்கள் என்று நீயே சொன்னவள். வருவதும் இருப்பதும் உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு முடிவு செய், அரைக் கதை கேட்டு அடுப்பை அணைக்காதே.

உனக்குக் காய்ச்சல் வந்து தனி அறையில் படுத்திருந்தாயே, அந்த வாரத்தில் ஆரம்பித்தது இது. அப்போது இவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, மீதிப் பிள்ளைகளுக்குக் கண் வலி. வகுப்பைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. டீச்சரம்மா என்ன செய்வார், கை கழுவச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். ஒரு நாள் காலையில் நீலச் சாக்பீஸை நுணுக்கி, யாருக்கும் சொல்லாமல் ஒரு பிள்ளையின் கையில் மட்டும் தடவி விட்டிருக்கிறார். மதியம் பார்த்தால் கதவுத் தாழ்ப்பாளில் நீலம், தண்ணீர்க் குவளையில் நீலம், பக்கத்துப் பிள்ளையின் மூக்கில் நீலம், கடைசியில் டீச்சரம்மாவின் காதிலேயே நீலம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கிருமியும் இப்படித்தான் ஊர் சுற்றும் என்று காட்டி, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக் கண் என்று ஒரு பாட்டும் சொல்லிக் கொடுத்தார். நல்ல பாடம்தான், குறை சொல்ல மாட்டேன், வயிற்றுப்போக்கு அதற்குப் பிறகுதான் அடங்கியது. ஆனால் முதலில் பொடி தடவினாரே, அந்தக் கை நம் வாண்டுவுடையது. எல்லாரும் சிரித்தபோது இவன் மட்டும் சிரிக்கவில்லையாம்.

அன்று சாயங்காலத்திலிருந்து என்னைத் தொட விடவில்லை. என் கை உனக்குத் தெரியாததா, ரிப்பேர் கடையில் சைக்கிளையும் செயினையும் கட்டிக்கொண்டு அழுத கை, வெடிப்புக்குள் ஏறின கிரீஸ் என்னோடுதான் வேகும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நார் வைத்து உரசினேன். இவன் எதிரில் நின்று பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் மாதிரி குனிந்து பார்த்து, "இன்னும் இருக்கு தாத்தா" என்கிறான். தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுகிறவள் உன் அக்கா. ஒரு நாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள், அப்புறம், "ரெண்டு பேரும் கெணத்துலயே போய்க் குடியிருங்க" என்று குடத்தைப் போட்டுவிட்டாள். அவளையும் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அலுத்துவிட்டது அம்மா. கை கழுவுவதற்கென்றே பிறந்தவன் மாதிரி காலையும் மாலையும் குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. நீ இரண்டாம் வகுப்பில் கண் வலி வந்து, எதிர்க் கடை வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம் பிடித்தவள், அந்தக் கண்ணாடியோடேயே பள்ளிக்கூடம் போனவள். உன் பிள்ளை வேறு எப்படி இருப்பான்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையைப் பிடிக்க மாட்டான், என் சட்டை நுனியைத்தான் பிடித்துக்கொள்வான். சரி, சட்டையாவது கிடைத்ததே என்று நடந்தேன். ஒரு நாள் தெரு முனையில் தண்ணீர் லாரி பின்பக்கமாக வருகிறது, இவன் அப்போது பார்த்துச் சட்டையை விட்டுவிட்டுக் கீழே கிடந்த எதையோ எடுக்கக் குனிகிறான். எனக்கு உயிரே போய்விட்டது, மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. அதற்கு அவன் போட்டான் பார் ஒரு கத்தல், "விடு, விடு, அழுக்காயிடுச்சு!" என்று. கூட்டம் கூடிவிட்டது. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏய் பெருசு, யார் புள்ள இது, மொதல்ல கைய எடு" என்கிறான். இன்னொருத்தி போலீஸைக் கூப்பிடச் சொல்கிறாள். என் பேரன் என்று சொல்கிறேன், இவன் என்னைத் தாத்தா என்று ஒரு வார்த்தை சொன்னால்தானே, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறான். கடைசியில் டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "அட விடுங்கய்யா, அவரு பேரன்தான். புள்ள திருடறவன் இதவிட அடங்கின புள்ளையாப் பாத்துத் திருட மாட்டானா?" என்ற பிறகுதான் விட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த நான் எழுந்திருக்கவில்லை. அதுதான் நான் செய்த பிசகு. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த நேரத்தில், கிரீஸ் போக நான் தேய்க்கும் மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்த டப்பாவை எடுத்து, நான் பிடித்த அந்தக் கையைத் தோல் உரியத் தேய்த்திருக்கிறான். அதைத்தான் மறுநாள் நீ போனில் பார்த்தாய். டாக்டரிடம் காட்டிக் களிம்பு போடுகிறோம், தோல் கூடி வருகிறது, அதற்குப் பயப்படாதே.

அதற்கும் மறுநாள் இவனையும் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் பிள்ளைகள் உட்காரும் அந்தச் சின்ன நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு எந்த மனுஷன் சண்டை போடுவான்? டீச்சரம்மாவும் கண் வீங்கி, கை ஒழியாமல், ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டு இன்னொரு பிள்ளைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இவன் கையைப் பார்த்ததும் அந்த அம்மா முகம் செத்துப்போனது. "பெரியவரே, சீக்கு வரக் கூடாதுன்னுதான் சொல்லிக் குடுத்தேன், இப்படி ஆகும்னு நெனைக்கவே இல்ல" என்றார். எதற்காக இப்படித் தேய்த்தாய் என்று நானும் கேட்டேன், அவரும் கேட்டார், இவன் வாயில் கொழுக்கட்டை. அப்புறம் டீச்சரம்மா அந்த நீலப் பொடிக் கிண்ணத்தை எடுத்து வைத்து, "நீ சொல்ல வேண்டாம், இது எங்கெங்க போகுதுன்னு காட்டு, போதும்" என்றார். வாண்டு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு ஒரு விரலைத் தொட்டு என் உள்ளங்கையில் வைத்தான். அங்கிருந்து எடுத்துத் தன் கையில் வைத்தான். பிறகு என் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, அதன் கண்ணாடியில் அந்த விரலை அழுத்தினான். அழுத்திவிட்டு, "அப்புறம் அம்மா" என்றான்.

அவனே சொன்னான், "அன்னிக்கு நான் கழுவாம அம்மா கன்னத்தத் தொட்டுட்டேன். அதான் அம்மாவுக்குக் காய்ச்சல்." நீ போனில் வந்ததும் தினமும் உன் கன்னத்தைத் தட்டுவானே, அதைச் சொல்கிறான். இத்தனை நாளும் என்னை அருவருக்கிறான் என்று நினைத்து நான் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவனோ என் கையிலிருந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். டீச்சரம்மா அவனை மடியில் உட்கார வைத்து, பொடி கண்ணாடி வரைக்கும்தான் வரும், கண்ணாடியைத் தாண்டாது என்று பக்குவமாகச் சொன்னார். அதற்கு இவன் என்ன கேட்டான் தெரியுமா, "அம்மா பேசறது மட்டும் தாண்டி வருதுல்ல?" என்று. அதற்கு என்ன பதில் சொல்வது, உனக்குத் தெரிந்தால் எழுது. சாப்பிடும் முன்னாலும் வெளிக்குப் போய் வந்தாலும் மூக்கைச் சிந்தினாலும் கழுவினால் போதும், மற்ற நேரம் கை கையாகவே இருக்கட்டும் என்றார் டீச்சரம்மா, இவன் தலையை ஆட்டினான். ஆனால் நம்பவில்லை. கண்ணால் பார்த்துப் பயந்த பிள்ளை கண்ணால் பார்த்தால்தான் தெளிவான் என்று டீச்சரம்மா சொன்னார். அதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதி.

ஒரு பொட்டலம் நீலப் பொடி கட்டிக் கொடுத்திருக்கிறார், அலமாரி மேல் தட்டில் இருக்கிறது. உனக்குக் கடிதம் கிடைத்ததும் போனில் அக்காவிடம் கடுதாசி வந்தது என்று மட்டும் சொல், எங்களுக்குப் புரிந்துவிடும். அடுத்த நாள் நீ கூப்பிடும்போது அவன் விரலில் பொடியோடு வந்து போன் கண்ணாடியில் தெரியும் உன் கன்னத்தில் வைப்பான். நீ சிரிக்காதே, முக்கியமாக அழாதே. ஒரு வெள்ளைத் துணி கையில் வைத்துக்கொள். அவன் தொட்ட கன்னத்தை அந்தத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியை விரித்து அவனுக்குக் காட்டு. இரண்டு பக்கமும் காட்டு, அவன் உன்னைவிடக் கெட்டிக்காரன், அந்தப் பக்கம் காட்டு என்பான். அன்றைக்கு முகத்துக்கு எதையும் பூசிக்கொண்டு உட்காராதே, கெட்டது கதை. துணி வெள்ளையாக இருந்ததை அவன் பார்த்த பிறகு, வருவதா இருப்பதா என்று நீ யோசி. அதற்கு முன்னால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வந்தால், தன்னால்தான் அம்மாவுக்கு வேலையும் போனது என்று அதையும் சேர்த்துக் கழுவ ஆரம்பித்துவிடுவான்.

உன் கை எப்படி இருக்கிறது? போனில் முகத்தைக் காட்டுகிறாய், கையைக் கீழேயே வைத்திருக்கிறாய், கவனிக்கவில்லை என்று நினைக்காதே. நாள் முழுக்க நோயாளிக்கு நோயாளி கழுவுகிற கை, படுக்கும் முன் எதையாவது தடவிக்கொள். கடிதம் வந்த செய்தியைச் சொல்ல மறந்துவிடாதே, பொட்டலம் காத்திருக்கிறது. எங்கே நின்றாலும் என் ஆசீர்வாதம் உன் தலைமாட்டில் இருக்கும், நோய் நொடி அண்டாமல் நீ நன்றாக இரு.

இப்படிக்கு உன் அப்பா. கையெழுத்துக்குப் பதில் கீழே இருப்பது என் கட்டை விரல். பாட்டை முழுசாகப் பாடிக் கழுவிவிட்டுத்தான் வைத்தேன், ஆனாலும் மை இல்லாமலே கறுப்பாக விழுந்திருக்கிறது. தொட்டுப் பார் அம்மா, உனக்கு ஒன்றும் வராது.