கல்யாண மைக்கில் மல்லாட்டை

ஈர மணல் வாசனை வந்தால் எனக்கு ஏன் சிரிப்பு வருகிறது? இன்று காலை இந்த விழுப்புரம் விதைக் கூடத்தில் தட்டுகளில் புது மணல் பரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நானோ சிரித்துக்கொண்டு நின்றேன்.

பல வருஷங்களுக்கு முன் நாம் திண்டிவனம் விதை ஆபீசில் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். ஏட்டில் வேர்க்கடலை என்று எழுதும் மல்லாட்டை விதையை மணல் தட்டில் ஊன்றி, முளைப்பைப் பார்த்து, தேறும், தேறாது என்று எழுதவேண்டும். எந்தக் குவியலின் விதை என்று தட்டின் விளிம்பில் சாக்பீஸால் எண் போடுவது நம் வழக்கம். ஒருநாள் தண்ணீர் பட்டு இரண்டு தட்டுகளில் எண் அழிந்துவிட்டது. நீ நினைவிலிருந்து எழுதினாய். தேறும் என்ற மூட்டைகள் மயிலத்து விவசாயிகளுக்குப் போன பிறகு, தேறாது என்று ஒதுக்கியதில் ஒரு பிடி எடுத்து விளையாட்டாக ஊன்றினாய். அத்தனையும் முளைத்தது.

"அப்ப கெட்டதுதான் மயிலத்துக்குப் போயிருக்குது," என்றாய். நல்லவேளை, மழை தள்ளிப்போனதால் அங்கே இன்னும் யாரும் விதைக்கவில்லை.

"முளைக்கலைன்னா மழையத்தான் திட்டுவாங்க. இங்க யாரு வரப்போறா?" என்றேன்.

மேலாளர், "வெளிய சொன்னா வேலை போயிடும்மா," என்றார்.

"தேறும்னு எழுதுனது மழை இல்ல சார், நானு," என்று பையை எடுத்தாய்.

உன்னோடு நானும் ஏன் பஸ் ஏறினேனோ. மயிலத்தில் மலையடியில் ஒரு கல்யாணம். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்றேன். நீ நேராக ரேடியோ செட்டுக்காரரிடம் போனாய்.

"அண்ணே, ஜல்தியா ஒரு நிமிஷம் மைக் குடுங்க."

"மொய் எழுதறது அந்தாண்டம்மா."

"மொய் இல்லண்ணே, இது பெரிய பேஜாரு."

பாட்டு நின்றது. உன் முழுப் பெயரைச் சொன்னாய். "எங்க ஆபீசு குடுத்த மல்லாட்டைய வெதைக்காதீங்க. தப்பு என்னுது. கொண்டாந்தீங்கன்னா நல்லதா மாத்தித் தர்றேன்."

பந்தியிலிருந்து ஒருவர், "துன்னுட்டு வரலாமா, இல்ல எலையோட வரணுமா?" என்றார். பந்தியே சிரித்தது. நம்மையும் உட்காரவைத்துப் பாயசம் ஊற்றினார்கள்.

திரும்பும்போது, "ஒருத்தரும் வரமாட்டாங்க. வேலைதான் போவும்," என்றேன்.

"வர்றவங்க வரட்டும். நான் வெள்ளனவே கதவைத் தொறந்து வெச்சுக்கினு இருப்பேன்," என்றாய்.

இப்போதும் ஒரு முடிவை எழுதுமுன், ஊர் கேட்க என் பெயரோடு இதைச் சொல்ல முடியுமா என்று பார்த்துக்கொள்கிறேன். சில நாள் பேனாவை மூடிவிட்டு மறுபடி ஊன்றிப் பார்க்கிறேன். உன்னால் எனக்கு வந்த தொல்லை இது.

மறுநாள் நடந்தது இதுதான். நான் போனபோது ஆபீஸ் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் மாட்டு வண்டிகள். போன மூட்டைகள் அத்தனையும் வந்திருந்தன. நீ முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாய். உனக்கு மெமோ எழுதிக் கையில் வைத்திருந்த மேலாளர் வண்டிகளைப் பார்த்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

"எங்கம்மா எறக்கணும்?" என்று உன்னைக் கேட்டார்.