கூப்பிட்டால் வராத ராக்கி

செவ்வாய், இரவு.

இன்றும் ஷிப்டுக்குக் கிளம்பும்முன் எதிரே உள்ள காலிமனையில் எங்கள் நாய் ராக்கியை அவிழ்த்துவிட்டேன். "ராக்கி, வாடா" என்று தொண்டை வறளக் கத்தினேன். திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் தூரம் ஓடியது. பக்கத்து வீட்டு மஞ்சண்ணா கன்னடத்தில் "பாரோ இல்லி", இங்கே வாடா, என்றதும் அவர் காலடியில் போய் உட்கார்ந்தது. நான் வேலைக்குப் போனபின் எதையோ கொடுத்துப் பழக்குகிறார் போலும்.

கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க, தடவிட்டு வுட்டுருவேன். நீங்க கூப்புடறதே கட்டிப்போடத்தானே?" என்றார்.

நான் நம்பவில்லை. கம்பெனி பஸ் வந்துவிடும், கட்டாமல் எப்படிப் போவது?

வீட்டிலிருந்து கறித்துண்டு கொண்டுவந்து நீட்டினேன். ராக்கி கறியைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நான் மறைத்திருந்த இன்னொரு கையையே பார்த்தது.

அதில் சங்கிலி இருந்தது.