மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்த நாள்

7 ஆகஸ்ட் 2025, வியாழன்
சம்பளம் இருபத்தெட்டாயிரம் வந்தது. மாலைக்குள் பத்தொன்பதாயிரம் தவணைகளில் போய்விட்டது. கிரெடிட் கார்டு, ஆன்லைன் லோன், செல்போன் தவணை எல்லாம் சேர்த்து இன்னும் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பாக்கி. தமிழ்மணியிடம் எழுபதாயிரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கட்டியவளிடமே பொய்.

நான் குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. வாங்குவேன். டிரில்லிங் மெஷின், ஸ்பீக்கர், மூன்று வாட்ச், மீன் பிடிக்கத் தெரியாதவனுக்குத் தூண்டில். பார்சலைப் பிரிக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காக. இன்று முதல் எதுவும் வாங்கக் கூடாது. எழுதி வைத்தால் வெட்கமாவது வருமா?

11 ஆகஸ்ட்
ஷாப்பிங் ஆப்களை எல்லாம் அழித்தேன்.

12 ஆகஸ்ட்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைத் திரும்ப ஏற்றினேன். ஒரு டார்ச்சைக் கார்ட்டில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். பட்டறை மணி அடித்துவிட்டது. வாங்கவில்லை. ஆனால் மாலைக்குள் நான்கு முறை அதைத் திறந்து பார்த்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில், ஒரு டார்ச்சுக்காகவா?

30 ஆகஸ்ட்
இருபத்து மூன்று நாள் எதுவும் வாங்கவில்லை. கார்டு பில் வந்தது. கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருக்கிறது. அப்புறம் எதுக்குடா இந்தப் பாடு?

16 செப்டம்பர்
மகள் பவித்ராவின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டியதில் இரண்டு தவணை தப்பிவிட்டது. லோன்காரன் பட்டறைக்கே போன் செய்துவிட்டான். துவாக்குடியில் எங்களுடையது சின்ன வெல்டிங் பட்டறை; ஒருவர் பேசினால் எல்லார் காதிலும் விழும். சூப்பர்வைசர் முருகானந்தம் தனியே கூப்பிட்டு, "வீட்டுக்குத் தெரியுமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது. தண்ணீரைக் கண்டு அல்ல. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

14 அக்டோபர்
போனஸ் பதினாறாயிரம். அப்படியே கார்டில் கட்டிவிடுவதாகத்தான் இருந்தேன், சத்தியமாக. பெரிய கடைவீதி வழியாக வந்திருக்கக் கூடாது. தீபாவளிக் கூட்டம். ஒரு கடை வாசலில் மிக்ஸியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மிக்ஸி நன்றாகத்தான் ஓடுகிறது. 'தமிழ்மணிக்குத்தானே' என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். ஏழாயிரத்து எண்ணூறு. பில் போடும்போது சந்தோஷம். பாலம் தாண்டுவதற்குள் அது வடிந்துவிட்டது.

தமிழ்மணி பெட்டியைப் பார்த்தாள். "யாரு கேட்டா இதை?"

பதில் சொல்லத் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று லட்சம் உட்பட. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சத்துணவுக் கூடத்துல என் கையால பொங்குன சோறு மிஞ்சினாக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வர மாட்டேன் நான். நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம..." பவித்ரா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

15 அக்டோபர்
லீவு போட்டேன். கடைக்குத் தமிழ்மணியும் வந்தாள். கவுண்டரில் அல்ஷிஃபா என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண்.

"பணமா தர மாட்டோம் சார். வேற பொருள் எடுத்துக்குங்க."

வேறு பொருள்! எழுதவே கூசுகிறது, என் கண் உடனே அயர்ன்பாக்ஸ் பக்கம் போனது. காலும் இரண்டு அடி நகர்ந்தது. தமிழ்மணி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏன் வேண்டாம்னு வாங்கினவரே சொல்லட்டும்மா."

"எனக்குக் கடன் இருக்கும்மா. நிறைய. எதைப் பார்த்தாலும் வாங்கிடறேன், நிறுத்த முடியலை. இது எங்களுக்குத் தேவையில்லை..." பின்னால் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தாள். "ஐந்நூறு பிடிச்சுக்குவாங்க. பரவாயில்லையா சார்?"

மீதியைத் தமிழ்மணி வாங்கிக்கொண்டாள். ஏடிஎம் கார்டும் என் போனும் இனி அவளிடம். எனக்கு ஒரு பட்டன் போன்.

2 நவம்பர்
வாங்கிக் குவித்ததை எல்லாம் விற்றோம். வாங்கும்போது நாற்பதாயிரம் இருக்கும். கிடைத்தது பதினோராயிரம். தமிழ்மணி என்னோடு சரியாகப் பேசி பத்தொன்பது நாள் ஆகிறது. "சாப்பாடு இருக்கு" என்பதோடு சரி.

19 டிசம்பர்
கை இன்னும் சட்டைப் பையில் அந்தப் பழைய போனைத் தேடுகிறது.

15 மார்ச் 2026, ஞாயிறு
செல்போன் தவணை முடிந்தது. பாக்கி இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். இன்னும் எத்தனை வருஷமோ.

காலையில் தமிழ்மணி ஆயிரம் ரூபாயை நீட்டினாள். "பவித்ராவுக்கு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு வெள்ளை ஷூ வேணுமாம். நீங்களே போய் வாங்கிட்டு வந்துருங்க."

தனியாகவா என்று கேட்க வாயெடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அறுநூற்றைம்பதுக்கு ஒரு ஜோடி வாங்கினேன். வேறு எந்தக் கடையிலும் நிற்காமல் வந்து மீதியைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.