உள்ளே விரல் விட்டு அலம்பிய குழாய்

சாமி,

இன்று காலை கடையில் ஆட்டு இதயத்தை அறுத்து வைத்தேன். அதன் தலையிலிருந்து கிளம்பும் வெள்ளைக் குழாய் விரலில் பட்டதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

மலைக்கோட்டைக்குக் கீழே எத்தனையோ கறிக்கடைகள். ஆனால் உங்கள் மருந்து ஆராய்ச்சிக்கு ரத்தக்குழாய் போனது என் கடையிலிருந்துதான். உங்கள் டாக்டர் பட்டத்தில் பாதி என்னுடையது என்று இன்றும் சொல்லிவருகிறேன். மறுக்க நீங்கள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் வெங்காயம்கூட நுழையாத வீட்டுக்காரர் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு என் கடையில் நின்றால் பஜாரே திரும்பிப் பார்க்கும்.

உங்கள் ஆராய்ச்சி தொடரலாமா, நிற்கவேண்டியதுதானா என்று முடிவுசெய்ய வெளியூர்ப் பேராசிரியர் வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் மரியாதைக்காகக் குழாயின் உட்புறத்தை விரல் விட்டுத் தேய்த்து, கண்ணாடிபோல் அலம்பி, நானே கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். அதை வளையமாக நறுக்கி உப்புநீரில் தொங்கவிட்டு, அது இறுகுவதையும் தளர்வதையும் காட்டும் கருவியின் முள்ளோடு இணைத்தீர்கள். இறுக்கும் மருந்து விழுந்ததும் முள் ஏறியது. தளர்த்தும் மருந்துக்கு அது இறங்கவேயில்லை.

"பாய், உள்ளே தேய்ச்சேளா?"

"பின்னே? பளபளன்னு இருக்கா இல்லையா, சொல்லுங்க!"

"போச்சு! இந்த மருந்து உள்தோல் வழியாத்தான் தசையைத் தளர்த்தும். அதையே வழிச்சு எறிஞ்சுட்டேளே!"

பேராசிரியர் எழுந்துவிட்டார். நீங்கள் சட்டென்று வேறொரு புட்டியை எடுத்தீர்கள். கால்சியம் தசைக்குள் போனால்தான் குழாய் இறுகும், அந்த வாசலையே அடைக்கும் தடுப்பான் இது, இதற்கு உள்தோல் தேவையில்லை என்றீர்கள். ஒரு சொட்டு விட்டீர்கள். முள் மெல்ல மெல்லச் சரிந்தது. பேராசிரியர் மறுபடி உட்கார்ந்தார்.

"உள்தோல் இல்லாமலே காட்டிட்டீங்களே! தாராளமா மேலே செய்யுங்க."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதாக ஊரில் சொல்லியிருக்கிறேன். குலுக்கத்தான் வந்தார், கறி வாசனை தடுத்துவிட்டது. வாசலில் நீங்கள் என் தோளைத் தட்டிச் சொன்னீர்கள்: "பாய், அடுத்த தடவை அழுக்காவே கொண்டு வாங்கோ."

நீங்கள் கண்ணை மூடிய பிறகு எனக்கும் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. தில்லை நகர் டாக்டர் மாத்திரை எழுதினார்.

"கால்சியம் வாசலை அடைக்கிற ஜாதிதானே டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. அதுக்கு மேல ஆராய்ச்சி."

தினமும் மாத்திரையை விழுங்கும்போது எனக்குள் எங்கோ ஒரு வளையம் தொங்குவதாகவும், நீங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவும் நினைத்துக்கொள்கிறேன்.

காலையில் அந்தக் குழாயைக் கையில் எடுத்தேன். உள்ளே விரல் விடவில்லை. கேட்டு வர ஆளில்லை என்று தெரியும். இருந்தாலும் கடை அடைக்கும்வரை ஐஸில் வைத்திருந்தேன்.